அழகுத்தாயிடமிருந்து எடுத்த கிருமி

ராமுத்தாயின் மகள் அழகுத்தாய் இறந்தது எழுபத்து மூன்றாம் வருடம், ஆடி மாதம் பாதியில். அவளுக்குப் பதினோரு வயது. மூணாறு பக்கம், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே மஞ்சக்கல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் அப்போது நர்ஸ். என் பெயர் சாந்தம்மாள். பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான். அந்தப் பிள்ளைக்கு ஆறு மணி நேரத்துக்கொரு தடவை மாத்திரை கொடுத்தவள் நான்தான். அதனால் இதை எழுதும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

ராமுத்தாய் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள். தேயிலைக் கொழுந்து பறிப்பதில் அவள் கைவேகத்துக்கு ஈடு கொடுக்க எங்கள் டிவிஷனில் ஆள் இல்லை. புருஷன் மொக்கையன் பேக்டரியில் இலை வாட்டும் தளத்தில் வேலை பார்த்தார். இரண்டு பிள்ளைகள் கருவிலேயே கலைந்த பிறகு பிறந்த ஒரே மகள் அழகுத்தாய்.

காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், டைபாய்டு என்றார். குளோரம்பெனிகால் எழுதினார். அந்த மருந்தை நாங்கள் எல்லோரும் நம்பினோம். கொடுத்த நான்காம் நாள் காய்ச்சல் இறங்கும். பத்தாம் நாள் பிள்ளை எழுந்து கஞ்சி கேட்கும். எத்தனையோ பேரை அப்படி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அழகுத்தாய்க்கு இறங்கவில்லை. மருந்து கொடுத்த ஏழாம் நாளும் நூற்று நான்கு. டாக்டர் அளவைக் கூட்டினார், அப்போதும் இறங்கவில்லை. முந்தின வருடமே வடக்கே கோழிக்கோட்டுப் பக்கம் இந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு வந்த செய்தி அவருக்குத் தெரியும். பாலக்காட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் அப்படிப்பட்ட கிருமிகளைச் சேகரித்து வந்தது. பிள்ளையின் ரத்தத்தைக் குப்பியில் எடுத்து அங்கே கொடுத்தனுப்பினார். வேறு ஊசி மருந்து வரவழைத்தார். அது வந்து சேர்வதற்குள் பிள்ளையின் குடல் ஓட்டையாகிவிட்டது. காய்ச்சல் வந்த பத்தொன்பதாம் நாள் மத்தியானம், மழை சத்தத்தில் யார் என்ன பேசினாலும் கேட்காத ஒரு நேரத்தில், அவள் போய்விட்டாள்.

ரிப்போர்ட் ஒன்பது நாள் கழித்துத் தபாலில் வந்தது. டைபாய்டு கிருமிதான், குளோரம்பெனிகாலுக்குக் கட்டுப்படாதது. வரிசை எண் பதினான்கு.

புரட்டாசியில் மழை விட்ட ஒரு நாள், அந்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் ஜீப்பில் வந்து இறங்கினாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். மயிலாத்தாள் என்று பெயர். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ள குடும்பம். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தானாம். ஒரு கூடை நிறையக் காலிக் குப்பிகள் வைத்திருந்தாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துச் சாக்கடையிலும் ஓடையிலும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றாள்.

“சாக்கடைத் தண்ணி எதுக்கு?” என்று கேட்டேன்.

“பாக்டீரியாவத் தின்னு அழிக்கற வைரஸ் இருக்குதுங்க. ஃபேஜுன்னு சொல்றோம். கிருமி எங்க இருக்குதோ அங்கதான் அதுவும் இருக்கும். உங்க கிருமி மருந்துக்குச் சாக மாட்டேங்குது. வைரசுக்காவது சாகுதான்னு பாக்கணுமுங்க.”

அழகுத்தாய் இருந்த லயத்துக்கே அழைத்துப் போகச் சொன்னார் டாக்டர். போனோம். ராமுத்தாய் அன்று வேலைக்குப் போகவில்லை. அப்போதெல்லாம் வாரத்தில் பாதி நாள் போக மாட்டாள். நாங்கள் சாக்கடையைத் தேடுவதைப் பார்த்து அவளே இறங்கி வந்து வழி காட்டினாள். லயத்துக்குப் பின்னால் அது எங்கே ஓடையில் சேர்கிறது, மழைக்கு எங்கே வழிகிறது எல்லாம் காட்டினாள். மயிலாத்தாள் பாவாடை நனைய ஓடையில் இறங்கிக் குப்பிகளை நிரப்பினாள். ராமுத்தாய் பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் குழாயடியையும் காட்டினாள். அங்கேயும் மயிலாத்தாள் ஒரு குப்பி எடுத்தாள்.

ராமுத்தாய் யாரென்று மயிலாத்தாளுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. குப்பியில் எழுதிக்கொண்டே அவள் சொன்னாள்: “இந்த லயத்துல ஒரு பொண்ணு தவறிப்போச்சு பாருங்க, அந்தப் பொண்ணோட ரத்தத்துல இருந்து எடுத்த கிருமி எங்ககிட்ட உசுரோட இருக்குதுங்க. இந்தத் தண்ணிய அதுமேலதான் விட்டுப் பாப்பேன்.”

ராமுத்தாய் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“உசுரோட இருக்கா?” என்றாள்.

மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். இவள்தான் அந்தப் பிள்ளையின் தாய் என்று சொன்னேன். அவள் கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்துவிட்டு ஓடையை விட்டு ஏறி வந்தாள்.

“மன்னிச்சுக்கங்க அக்கா. தெரியாமப் பேசிட்டேன்.”

“அத விடுங்க. அது இன்னும் இருக்கான்னு கேக்கேன்.”

“இருக்குதுங்க. ஒரு குழாய்ல வளத்தறோம். மாசத்துக்கு ஒருக்கா புதுக் குழாய்க்கு மாத்துவோம்.”

“எம்புள்ளைட்ட இருந்து எடுத்ததா? அதேயா?”

“அதோட வழியில வந்ததுங்க.”

ஜீப் போன பிறகு ராமுத்தாய் என்னிடம் வந்து, “நர்சம்மா, நான் அதப் பாக்கணும்” என்றாள்.

நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இருக்காது, கண்ணுக்கே தெரியாது, உன் மகளைக் கொன்றதைப் போய் என்னத்துக்குப் பார்க்கிறாய் என்றேன். “கொன்னதுதான். ஆனா அவளுக்குள்ள இருந்தது நர்சம்மா. அவ சட்ட, பாவாட எல்லாத்தையும் எரிச்சிட்டாக. காய்ச்சல் பரவும்னு தலகாணியக் கூட விடல. ஒரு போட்டோ எடுத்ததில்ல. அவட்ட இருந்து மிஞ்சினது இது ஒண்ணுதான்.”

துணிகளை எரிக்கச் சொன்னதும் நான்தான். மயிலாத்தாளுக்குக் கடிதம் எழுதினேன். வரச் சொல்லிப் பதில் வந்தது.

தை மாதம் பொங்கல் லீவில் இருவரும் கிளம்பினோம். மொக்கையனுக்கு இஷ்டமில்லை. பஸ் ஏறும் இடம் வரை வந்தார். அங்கிருந்து திரும்பிப் போனார். மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறிப் பாலக்காடு போய்ச் சேர்ந்தோம். மலையிறங்கியதும் ராமுத்தாய்க்கு வெயில் தாங்கவில்லை. கம்பளியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் தென்னைகளைப் பார்த்தபடி வந்தாள்.

நிலையம் என்பது ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டிடம். மயிலாத்தாள் எங்கள் கையில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, ஒரு அறைக்குள் அழைத்துப் போனாள். மரச் சட்டத்தில் பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்கள் நின்றன. அதில் ஒன்றை எடுத்து ராமுத்தாயிடம் நீட்டினாள். பதினான்கு என்று எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே சாய்வாக உறைந்த மஞ்சள் பசை. அதன் மேல் ஈர வெண்மையாக ஒரு கோடு. அவ்வளவுதான்.

ராமுத்தாய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் அதை உடைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். மயிலாத்தாளுக்கும் அந்தப் பயம் இருந்தது என்று பிறகு சொன்னாள். ஆனால் குழாயைத் திரும்பக் கேட்கவில்லை.

“இத எங்கன வச்சிருப்பீக?”

“வளர்றப்ப இதுக்குள்ளதானுங்க.” செம்பு நிறத்தில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி இருந்தது. அதன் கதவைத் திறந்து காட்டினாள். “மனுச ஒடம்புல இருக்கற சூட்ட அப்படியே வெச்சிருக்கோமுங்க. முப்பத்தேழு டிகிரி. அந்தச் சூடு இருந்தாத்தான் இது வளரும்.”

ராமுத்தாய் குழாயை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பெட்டிக்குள் கையை விட்டாள். உள்ளங்கையை உள்சுவரில் வைத்தாள். வைத்தபடி நின்றாள்.

“காய்ச்ச இல்லாதப்ப இப்பிடித்தான் இருப்பா” என்றாள்.

பெட்டியின் சூடு இறங்கும் என்று கதவை உடனே சாத்துவது அங்கே வழக்கம். மயிலாத்தாள் சாத்தவில்லை. சூடு காட்டும் முள் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராமுத்தாய் அழுது அன்றுதான் நான் பார்த்தேன். அடக்கத்தின்போது கூட அவள் அழவில்லை.

சாப்பிட்ட பிறகு மயிலாத்தாள் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்தாள். பனி படிந்த ஜன்னல் கண்ணாடி போலத் தட்டு முழுக்க மங்கலாக இருந்தது. அந்த மங்கல்தான் பாக்டீரியா, பதினான்காம் எண். அதில் கடுகு கடுகாக வட்டப் பொட்டுகள் தெளிந்திருந்தன.

“இது உங்க லயத்துத் தண்ணியில இருந்த வைரஸ் பண்ணுன வேலைங்க. ஒரு வைரஸ் விழுந்து, பாக்டீரியாவுக்குள்ள போயி, நூறாப் பெருகி, அதை உடைச்சிட்டு வெளிய வந்து, பக்கத்துல இருக்கறதையும் அழிச்சிருக்குது.”

ராமுத்தாய் தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கொழுந்தும் முற்றிய கரட்டு இலையும் ஒரே பார்வையில் பிரிக்கிற கண் அது. “எல்லாம் அழியலியே. ஒவ்வொரு பொட்டுக்குள்ளயும் நடுவுல லேசா மூடியிருக்கே” என்றாள்.

மயிலாத்தாள் முகம் மாறியது. “ஆமாங்க. நானும் அதத்தான் பாத்துட்டு இருக்கறேன். கொஞ்சம் கிருமி சாகாமத் தப்பிக்குது. ஏன்னு தெரியல.”

“குழாயடியில எடுத்த குப்பியில?”

“அதுலயும் இந்த வைரஸ் இருந்துச்சுங்க.”

“சாக்கடையில இருக்கறது குடிக்கற தண்ணிக்கு எப்படி வரும்?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ராமுத்தாய் என்னிடம் இரண்டு தடவை அதையே கேட்டாள். அடுத்த வாரம் தொழிற்சங்கத்துச் சுடலையைக் கூட்டிக்கொண்டு, ஓடையின் மேற்பகுதி வரை நடந்தாள். அந்த லயத்துக் குழாய்க்குத் தண்ணீர் எடுக்கும் தொட்டிக்கு மேலேயே இன்னொரு லயத்தின் கக்கூஸ் குழி கசிந்துகொண்டிருந்தது. மயிலாத்தாள் டைப் அடித்து அனுப்பிய ஒரு பக்கக் கடிதத்தோடு மானேஜர் பங்களாவுக்குப் போனார்கள். முதலில் உள்ளே விடவில்லை. மூன்று நாள் நூற்றிருபது பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் மானேஜர் வந்து பார்த்தார். அந்தக் கோடையிலேயே தொட்டி மலைக்கு மேலே மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த பதினோரு வருடத்தில் அந்த லயத்திலிருந்து ஒரு டைபாய்டு கூட வரவில்லை. இதைப் பற்றி யாராவது புகழ்ந்து பேசினால் ராமுத்தாய் எழுந்து போய்விடுவாள்.

ஒவ்வொரு தையிலும் பாலக்காடு போவது வழக்கமாகிவிட்டது. அவள் குழாயைக் கையில் வாங்கிப் பார்ப்பாள். பெட்டிக்குள் கை வைப்பாள். பிறகு திரும்பி விடுவோம். அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று லயத்தில் பேசினார்கள். மொக்கையன் இரண்டாவது வருடம், “நானும் வரட்டுமா?” என்று கேட்டாராம். வேண்டாம் என்றாளாம். ஏன் என்று நான் கேட்டபோது, “அவரு பாத்தா ஒடச்சிருவாரு” என்றாள்.

இடையில் மயிலாத்தாளின் கடிதங்கள் வரும். ராமுத்தாய்க்கு எழுத்துத் தெரியாது. நான் வாசித்துக் காட்டுவேன். அவள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: அந்த வைரஸ் மருந்தாகுமா? இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா?

எழுபத்து ஆறாம் வருடம் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரு போட்டோ. பெங்களூரில் இருக்கிற பெரிய மைக்ராஸ்கோப்பில் எடுத்ததாம். சாம்பல் நிறத் தாளில் கறுப்பு நூல் ஒன்று நெளிந்து கிடந்தது. அதுதான் அந்த வைரசுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்று எழுதியிருந்தாள். வைரஸ் எப்படி இருக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த இழையில்தான் எழுதியிருக்கிறதாம். தன் தலையைப் போல இருநூறு மடங்குக்கு மேல் நீளமான இழையை அது தலைக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. பாக்டீரியா மேல் உட்கார்ந்ததும் இழையை மட்டும் உள்ளே அனுப்பிவிடுகிறது.

இன்னொரு போட்டோவில் அதே நூல் வளையமாகக் கிடந்தது. அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நான் மூன்று தடவை படித்துத்தான் எனக்கே விளங்கியது. இழை இரண்டு புரியால் ஆனது. சூடாக்கினால் புரிகள் பிரியும்; ஆறவிட்டால் மறுபடி ஜோடி தேடிச் சேரும். இந்த வகை வைரஸ் எல்லாவற்றிலும் இழையில் எழுதியிருப்பது ஒரே வரிசைதான். ஆனால் ஒவ்வொன்றிலும் அது தொடங்கும் இடம் வேறு. அதனால் ஜோடி மாறிச் சேரும்போது நுனிகள் பொருந்தாமல் நீட்டிக்கொண்டு, கடைசியில் ஒன்றை ஒன்று பிடித்து வளையமாகிவிடுகின்றன. தொடக்கத்தில் இருக்கிற கொஞ்சம் முடிவில் மறுபடியும் வருகிறது. பாக்டீரியாவுக்குள் போனதும் இழை வளையமாக மாற அந்த மிகுதிதான் உதவுகிறது.

“சரி, மருந்தாகுமாமா?” என்றாள் ராமுத்தாய்.

அதுவும் அந்தக் கடிதத்தில் இருந்தது. வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. வளையமான பிறகு அது எல்லாத் தடவையும் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. சில தடவை பாக்டீரியாவின் சொந்த இழைக்கு நடுவிலேயே தன்னைக் கோத்துக்கொண்டு தூங்கிவிடுகிறது. அப்படித் தூங்கும் வைரசைச் சுமக்கிற பாக்டீரியாவை அதே வகை இன்னொரு வைரசால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு பொட்டுக்குள்ளும் நடுவில் மூடியிருந்தது அப்படித் தப்பியவைதான். “முதல் நாளே அக்கா கண்ணுக்குப் பட்டதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருசம் ஆயிற்று. இந்த வைரஸ் மருந்தாகாது. வேறு ஒன்றைத் தேட வேண்டும்” என்று முடித்திருந்தாள்.

ராமுத்தாய் வளையப் படத்தை எடுத்து விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு இரண்டு போட்டோவையும் என்னிடமே கொடுத்து, “நீங்களே வச்சுக்கோங்க” என்று எழுந்து போனாள். அன்று சாயங்காலம் வரை அவள் பறித்த கூடையில் கரட்டு இலை கலந்திருந்தது என்று கங்காணி வந்து என்னிடம் சொன்னார். அப்படி அதுவரை நடந்ததில்லை.

கடைசித் தடவை நாங்கள் போனது எழுபத்தொன்பதில். மயிலாத்தாள் ஆராய்ச்சியை முடித்துப் பட்டம் வாங்கியிருந்தாள். வடக்கே வேலை கிடைத்துப் போகத் தயாராக இருந்தாள். அறையில் பாதிச் சாமான் கட்டி வைத்திருந்தது. எங்களை உட்கார வைத்துவிட்டு, ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். பழைய தட்டைப் போலவே மங்கல் படர்ந்திருந்தது. ஆனால் நடுவில் ஒரு சின்னக் காகித வில்லையும், அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தெளிந்த வட்டமும் இருந்தன.

“என்னது?” என்றாள் ராமுத்தாய்.

“அந்த வில்லையில குளோரம்பெனிகால் இருக்குதுங்க அக்கா.” மயிலாத்தாள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “அந்த மருந்தை எதிர்க்கற சக்தி இந்தக் கிருமிக்குத் தனியா ஒரு சின்ன டி.என்.ஏ. வளையத்துல இருந்துச்சு. ஆறு வருசமா மருந்தையே பாக்காம குழாய்ல வளந்ததுல, எப்பவோ அந்த வளையத்தத் தவற விட்டிருச்சு. போன மாசந்தான் கவனிச்சேன். சொல்லாமப் போயிரலாம்னு நெனச்சேன். மனசு கேக்கலீங்க.”

“இப்ப அந்த மாத்திரைக்குக் கேக்குமா?”

“கேக்குமுங்க.”

“நர்சம்மா குடுத்தாங்களே, அதே மாத்திரைக்கு?”

“அதேதானுங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராமுத்தாய் அந்தத் தெளிந்த வட்டத்தைப் பார்த்தபடியே இருந்தாள். வெளியே யாரோ கிணற்றில் நீர் இறைக்கும் உருளைச் சத்தம் கேட்டது.

“இத்தன வருசம் இத வச்சிருந்தது உங்க வேலைக்கா, எனக்கா?” என்று கேட்டாள்.

மயிலாத்தாள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். “மொதல்ல வேலைக்குத்தானுங்க. கடைசி ரெண்டு வருசம் எனக்கு இது தேவைப்படல. நீங்க வருவீங்கன்னு மாத்தி மாத்தி வளத்திட்டு இருந்தேன்.”

“அப்படின்னா விட்டுருங்க தாயி.”

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“அவள்ட்ட இருந்து எடுத்தப்ப இருந்தது இது இல்ல. இது வேற எதுவோ ஆயிப்போச்சு. இதுக்கும் அவளுக்கும் இனி ஒண்ணுமில்ல.”

கிருமிகளை நீராவியில் அவித்து அழிக்கும் பாத்திரம் பின்கட்டில் இருந்தது. மயிலாத்தாள் குழாயை ராமுத்தாயிடம் ஒரு தடவை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. மயிலாத்தாளே அதை உள்ளே வைத்து, பாத்திரத்தை மூடித் திருகி அடுப்பைப் பற்ற வைத்தாள். அரை மணிக்கு மேல் ஆனது. நாங்கள் மூவரும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மயிலாத்தாள் ராமுத்தாயின் கையைப் பிடித்திருந்தாள். கிளம்பும்போது தன் தோட்டத்துத் தேங்காய் நான்கை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளை நாங்கள் பார்க்கவில்லை. சில வருடம் கடிதம் வந்தது.

பொள்ளாச்சியில் பஸ் மாறி உட்கார்ந்ததும் ராமுத்தாய் பேச ஆரம்பித்தாள். ஆறு வருடமாக அவள் வாயில் வந்ததெல்லாம் காய்ச்சல், மாத்திரை, பத்தொன்பதாம் நாள், குழாய், தட்டு. அன்று அவள் பேசியது அதற்கு முந்தைய அழகுத்தாயைப் பற்றி. அவள் மோரைத் தொட மாட்டாளாம். மோர் ஊற்றிய தட்டைக் கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி வைப்பாளாம். கங்காணி நடப்பது போல வயிற்றைத் தள்ளி நடந்து காட்டி லயம் முழுக்கச் சிரிக்க வைப்பாளாம். இரண்டாம் வகுப்பில் மலையாளம் வரவில்லை என்று டீச்சர் வெளியே நிறுத்த, வாசலில் நின்றபடியே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து சத்தமாகப் பாடம் சொன்னாளாம். மொக்கையன் வேலை விட்டு வரும் நேரம் தெரிந்து, தேயிலைத் தூசி ஒட்டிய அவர் சட்டையை மோந்து பார்க்கத்தான் வாசலில் காத்திருப்பாளாம்.

“இன்னைக்கு இதெல்லாம் அவருட்டயும் சொல்லணும்” என்றாள். “அவரும் பேச ஆளில்லாமத்தான் இருக்காரு.”

உடுமலை தாண்டியது, பஸ் மலையேறத் தொடங்கியது, அவள் கம்பளியை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மறையூர் வந்தபோதும் அவள் பேசி முடித்திருக்கவில்லை.